மொய் நோட்டும் தரவுச் சட்டமும்: அந்தரங்கம் நம் பண்பாட்டில் இல்லையா?

ஓசூர்வாசி (ஞாயிறு, இரவு 9.40)

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். பெரிய ஆர்டரெல்லாம் ஜெர்மனியிலிருந்து வருகிறது. போன மாதம் அங்கிருந்து தணிக்கைக்கு ஒருவர் வந்தார். இயந்திரங்களையெல்லாம் பார்த்துவிட்டு, அசெம்பிளி லைன் பக்கத்துச் சுவரில் நாங்கள் ஒட்டியிருந்த பிறந்தநாள் பட்டியல் முன்னால் நின்றுவிட்டார். பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, சொந்த ஊர், கைப்பேசி எண், எல்லாம் அதில் இருந்தது. "இதை ஒட்டலாமா என்று இவர்களிடம் கேட்டீர்களா?" என்றார். கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதே இல்லை. அன்று மாலையே பட்டியலைக் கிழித்துவிட்டோம்.

அடுத்த வாரம் பாலக்கோடு பக்கம் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். மண்டப வாசலில் மொய் எழுதுகிறார்கள். ஊர், அப்பா பெயர், ஆள் பெயர், தொகை என்று ஒவ்வொன்றாக மைக்கில் வருகிறது. யாருக்கும் கூச்சமில்லை. என் பெரியப்பா பெயரை ஒரு தடவை விட்டுவிட்டார்கள், அதற்குத்தான் கோபித்துக்கொண்டார்!

அப்போதுதான் தோன்றியது. ஜெர்மனிக்காரருக்கு அந்தப் பயம் வரக் காரணம் இருக்கிறது. 1933-லும் 1939-லும் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு, யூதர்களைத் தேடிப் பிடிக்க உதவியது. போருக்குப் பிறகு கிழக்குப் பாதியில் ஸ்டாசி உளவுத்துறை அண்டை வீட்டாரைப் பற்றியே கோப்பு சேர்த்தது. அதனால்தான் உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 1970-ல் அங்கே ஹெஸ்ஸே மாநிலத்தில் வந்தது. 1983-ல் அவர்களுடைய அரசியல் சாசன நீதிமன்றம், தன்னைப் பற்றிய தகவல் எங்கே போகலாம் என்பதைத் தீர்மானிப்பது அந்த மனிதரின் உரிமை என்று சொல்லிக் கணக்கெடுப்பையே நிறுத்தி வைத்தது. 2010-ல் கூகுள் தெருப்படம் எடுத்தபோது சுமார் 2 லட்சத்து 44 ஆயிரம் வீட்டார் எங்கள் வீட்டை மங்கலாக்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்கா வேறு மாதிரி. அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம் இன்றுவரை இல்லை. ஒரு உச்ச நீதிமன்ற நீதிபதி வேட்பாளர் கடையில் எடுத்த வீடியோக்களின் பட்டியலை ஒரு பத்திரிகை போட்டதும், வீடியோ வாடகைக்கென்றே 1988-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பட்ட இடத்தில் மருந்து.

நாம் திண்ணையில் வளர்ந்தவர்கள். சம்பளம் எவ்வளவு, பொண்ணுக்கு எப்போ கல்யாணம் என்று கேட்பது நம் ஊரில் அக்கறை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஐரோப்பாவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. நம் உடம்புக்குப் பொருந்தாது. தளர்வான சட்டம் போதும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.


தகடூர் வழக்கறிஞர் (ஞாயிறு, இரவு 10.25)

தருமபுரி நீதிமன்றத்தில் பதினாறு வருடமாக வழக்காடுகிறேன். தம்பி சொல்வதில் வரலாறு சரி, முடிவு தவறு.

முதலில் ஐரோப்பா. ஜெர்மனிக்கு நேர் வடக்கே கடல் தாண்டினால் ஸ்வீடன். அங்கே 1766-லிருந்தே அரசு ஆவணங்களைக் குடிமக்கள் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு வருமானம் காட்டினார் என்று இன்றும் கேட்டறியலாம். பின்லாந்தில் ஒவ்வொரு நவம்பரிலும் வருமான விவரம் வெளிவருகிறது. நார்வேயிலும் பார்க்கலாம், ஆனால் 2014-லிருந்து யார் பார்த்தார்கள் என்பது பார்க்கப்பட்டவருக்குத் தெரிந்துவிடும். இதே ஸ்வீடன்தான் 1973-ல் நாடு முழுமைக்குமான முதல் தரவுச் சட்டத்தையும் கொண்டுவந்தது. 2018 மே மாதம் முதல் ஜெர்மனியும் ஸ்வீடனும் பின்லாந்தும் ஜிடிபிஆர் என்கிற ஒரே ஐரோப்பிய ஒன்றியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இருக்கின்றன. அப்படியிருக்க ஐரோப்பியப் பண்பாடு என்று எதைச் சொல்கிறீர்கள்?

அடுத்தது மொய். நீங்கள் மைக்கை மட்டும் கேட்டீர்கள், நோட்டைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டு மொய் நோட்டு நீள வாக்கில் தைத்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மூலையில் மஞ்சள், மேலே பழைய வேட்டித் துணி சுற்றி அம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கும். ஒரு வீட்டில் விசேஷம் என்றால் அப்பா எடுப்பார். அந்த ஒரு பெயரைத் தேடுவார், அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள் என்று பார்ப்பார், மூடிவிடுவார். ஒருமுறை தெருவில் வட்டிக்கு விடுகிற ஒருவர், "உங்க நோட்டைக் கொஞ்சம் குடுங்க, யார் கையில காசு ஓடுதுன்னு பார்க்கணும்" என்று கேட்டுவிட்டார். அப்பா பதிலே பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசல் படியேறவும் இல்லை. மைக்கில் ஊருக்கே சொன்ன தொகைதான் அது! ஆனால் எதற்காகச் சொன்னதோ அதற்கு மட்டும்தான். வாங்கிய நோக்கத்தைத் தாண்டித் தகவலைப் பயன்படுத்தாதே என்பது ஜிடிபிஆரின் அடிப்படை விதிகளில் ஒன்று. எங்கப்பா அதைப் படித்ததில்லை.

கடைசியாக ஒன்று. அந்தரங்கம் நமக்கு அந்நியமானது என்று முதலில் வாதாடியது நீங்கள் இல்லை. ஆதார் வழக்கில் 2015-ல் ஒன்றிய அரசே, அந்தரங்கம் அடிப்படை உரிமை கிடையாது என்றது. 2017-ல் அது வசதி படைத்தோரின் கவலை என்கிற மாதிரி வாதம் வந்தது. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதைத் தள்ளினார்கள், ஆகஸ்ட் 24 அன்று. வழக்குப் போட்ட புட்டசாமி யார்? கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ஓய்வு பெற்ற நீதிபதி. 2012-ல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, மனுப் போட்டார். ஓசூர் எல்லையைத் தாண்டினால் அவர் மாநிலம். ஐரோப்பாவிலிருந்து வந்தவர் இல்லை.


புளியந்தோப்பு (திங்கள், காலை 6.10)

காரிமங்கலம் பக்கம் முப்பத்திரண்டு வருடம் தபால்காரனாக இருந்தவன். வக்கீல் அம்மா சொல்வதைப் படித்தேன். எனக்கு ஓசூர் தம்பி பக்கமும் நியாயம் தெரிகிறது.

அந்தக் காலத்தில் கிழவிகளுக்கு முதியோர் பென்ஷன் மணியார்டரில் வரும். நான் பணத்தை வீட்டுக்குள் வைத்துக் கொடுக்க மாட்டேன். புளியமரத்தடியில், பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு வைத்து, நோட்டை ஒவ்வொன்றாக எண்ணிக் கையில் கொடுப்பேன். ஏன் தெரியுமா? ரகசியமாகக் கொடுத்தால் இரவோடிரவாக மகன் பிடுங்கிக்கொள்வான், "பணமே வரலை" என்பான். நாலு பேர் பார்த்திருந்தால் கை நீள யோசிப்பான். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டியதும் நான்தான். அவர்கள் கண்ணீரையும் பார்த்திருக்கிறேன், வாயைத் திறந்ததில்லை. ஏழைக்குச் சாட்சி வேண்டும். எல்லாவற்றையும் மூடி வைக்கிற சட்டம் அந்தச் சாட்சியை எடுத்துவிடக் கூடாது. அதுதான் என் கவலை.


பென்னாகரம் செவிலி (திங்கள், மதியம் 1.15)

ஐயா, நீங்கள் வாயைத் திறக்காததால்தான் உங்களை நம்பினார்கள். அதையும் சேர்த்துப் பாருங்கள்.

நான் கிராமச் செவிலியாக இருந்து, இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். பதிவு செய்யும்போது செல் நம்பர் கேட்போம். பரிசோதனை முடிவு குறுஞ்செய்தியாகப் போகும். மலையோர ஊர்ப் பெண்களில் பலர் கொடுப்பது புருஷன் நம்பர், இல்லாவிட்டால் மாமியார் நம்பர். வீட்டுக்கு ஒரே போன். இரண்டு வருடம் முன்னால் ஒரு பெண் தனியாக வந்தாள், இருபது இருபத்தொன்று வயதிருக்கும். டோக்கனைக் கையில் சுருட்டிச் சுருட்டி நூல் மாதிரி ஆக்கிவிட்டாள். "அக்கா, ரிசல்ட்டை மெசேஜ் போடாதீங்க, நானே வந்து வாங்கிக்கிறேன்" என்றாள். கம்ப்யூட்டர் நம்பர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. நான் என் நம்பரைப் போட்டேன். அவள் ஐரோப்பாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டாள். அவளுக்கு வேண்டியது என்ன என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

நம் மாவட்டத்துக்கு இன்னொன்றும் தெரியும். தொட்டில் குழந்தைத் திட்டம். 1992-ல் சேலத்தில் தொடங்கி 2001-ல் தருமபுரிக்கும் வந்தது. பெண் குழந்தை வேண்டாம் என்று கொல்வதைத் தடுக்கத் தொட்டில் வைத்தார்கள். அந்தத் தொட்டில் பெயர் கேட்காது. கேட்டிருந்தால் எந்தத் தாய் வந்திருப்பாள்? அதே சமயம் கர்ப்பிணிக்கு எடுக்கிற ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எஃப் படிவம் நிரப்பி வைக்கச் சொல்கிறது, கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கிற 1994-ஆம் வருடச் சட்டம். அந்தப் பதிவேடு இல்லையென்றால் கருவிலேயே பார்த்துச் சொல்கிறவர்களைப் பிடிக்க முடியாது. ஒரு இடத்தில் எழுதாமல் இருப்பது உயிரைக் காக்கிறது, ஒரு இடத்தில் எழுதி வைப்பது. இரண்டும் இந்த மண்ணில் நடந்ததைப் பார்த்து வந்தவைதான்.


ஓசூர்வாசி (திங்கள், இரவு 8.50)

சிஸ்டர் சொன்ன போன் விஷயம் என் வாதத்துக்குத்தான் பலம். சட்டம் தனி ஆளின் சம்மதத்தைக் கேட்கிறது. நம் ஊரில் ஓடிபி வருகிற போன் குடும்பத்துடையது. மகன் படித்துச் சொல்ல, அம்மா "சரி" என்றால் அது யார் சம்மதம்? இதைத்தான் பொருந்தாத சட்டை என்றேன்.

இன்னொரு பக்கம், நம் சட்டத்தில் நம் பண்பாடு இருக்கிற இடங்களையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் 13-லிருந்து 16 வயதுக்குள் ஒரு வரம்பை நாடுகளே வைத்துக்கொள்கின்றன. நம் சட்டத்தில் 18 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும். நம் வீடுகளைப் பார்த்து எழுதியது அது. நான் செத்த பிறகு என் தரவு உரிமையைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்கலாம் என்று இருக்கிறது, நாமினி மாதிரி. ஜிடிபிஆர் இறந்தவர்களின் தரவைத் தொடுவதே இல்லை. உரிமையோடு கடமையும் சொல்லியிருக்கிறார்கள். பொய்ப் புகார் கொடுத்தால் 10,000 ரூபாய் வரை அபராதம். உரிமை கேட்கிறவனுக்கும் பொறுப்பு உண்டு என்பது நம் பேச்சுத்தானே?

பண்பாட்டைப் பார்க்காமல் இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் இருக்கிறது. அங்கே அந்தரங்கத்துக்குச் சொல்கிற வார்த்தையே ஆங்கிலத்திலிருந்து வாங்கியது, புரைபாஷி என்பார்கள். அவர்களுடைய சட்டம் 2005 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அந்த மாதமே அமகாசாகியில் ரயில் தடம் புரண்டு 107 பேர் செத்தார்கள். அடிபட்டவர் பெயரைச் சொல்லச் சில மருத்துவமனைகள் தயங்கின, குடும்பத்தார் அலைந்தார்கள். பள்ளிகளில் பெற்றோர் தொலைபேசிப் பட்டியல் போடுவதையே நிறுத்தினார்கள். மிகை எதிர்வினை என்று அவர்களே பெயர் வைத்தார்கள். நம் ஊரில் விபத்து நடந்தால் முதலில் தேவைப்படுவது பெயரும் ஊரும்.


தகடூர் வழக்கறிஞர் (திங்கள், இரவு 11.05)

நாமினி விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். நல்ல ஏற்பாடு, அது நம்முடையதுதான். ஜப்பானும் சரியான எச்சரிக்கை. ஆனால் கடமையும் அபராதமும் நம் பண்பாடு என்றால், யாருடைய பண்பாடு?

ஜெர்மனிக்கு ஒரு நினைவு இருக்கிறது, நமக்கு இல்லை என்றீர்கள். கைரேகைச் சட்டம் என்று உங்கள் தாத்தா காலத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். வெள்ளைக்காரன் 1871-ல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு நம் மக்கள் வைத்த பெயர் அது. 1911-ல் அதைத் திருத்தி மதராஸ் மாகாணத்துக்கும் நீட்டினார்கள். குறவர், பிரமலைக் கள்ளர் என்று எத்தனையோ சமூகத்தாரைப் பிறப்பாலேயே குற்றவாளி என்று பட்டியலில் எழுதி, ரேகை எடுத்து, வயது வந்த ஆண்களை இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்க வைத்தார்கள். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்களை 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொன்றார்கள். மதராஸில் 1947-ல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது, நாடு முழுக்க 1952-ல்.

என்னிடம் வழக்குக்கு வந்த ஒரு குறவர் பெரியவர், வக்காலத்தில் பேனா பிடித்துக் கோணல்மாணலாகப் பெயர் எழுதுவார். ரேகை வைத்தால் நொடியில் முடியும் வேலை. "ரேகை வேணாம்மா, எழுதறேன்" என்று ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வார். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்கவும் தேவையில்லை.

ஆக நமக்கும் நினைவு உண்டு. ஜெர்மனியில் அந்தக் காயம் சட்டம் எழுதுகிற மேசை வரைக்கும் போனது. இங்கே போகவில்லை. 2022-ல் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் வந்தபோது, விரல் ரேகை, கருவிழி எல்லாவற்றையும் எடுத்து 75 வருடம் வைத்திருக்கலாம் என்று எழுதினார்கள். கைரேகைச் சட்டத்தைச் சுமந்த குடும்பத்து ஆள் ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் 75 என்று எழுதியிருப்பார்களா?

பிரான்சைப் பாருங்கள். 1974-ல் சஃபாரி என்ற பெயரில், எல்லாத் துறைக் கோப்புகளையும் ஒரே எண்ணில் கோக்க அரசு திட்டம் போட்டது. பத்திரிகை அம்பலப்படுத்தியது, ஊரே கொந்தளித்தது, 1978-ல் தரவுச் சட்டமும் அதைக் கண்காணிக்கும் அமைப்பும் வந்தன. பிரெஞ்சுக்காரர் பிறவியிலேயே கூச்ச சுபாவிகள் என்பதால் வந்ததில்லை. சண்டை போட்டார்கள், அந்தச் சண்டையில் ஜெயித்தார்கள்.


அரூரான் (செவ்வாய், காலை 7.30)

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுகிற ஆள் நான். தபால்கார ஐயா சொன்ன சாட்சி என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொள்கிறேன்.

சில வருடம் முன்னால் ஒரு ஊராட்சியில் நூறு நாள் வேலை மஸ்டர் ரோலை, அதாவது வேலைக்கு வந்தவர்கள் பட்டியலை, மனுப் போட்டு வாங்கினேன். நகல் மங்கல், வெயிலில் பிடித்தால்தான் தெரியும். கோயில் மேடையில் உட்கார்ந்து பெயர்களை வாசித்தேன். சுற்றி இருபது பேர். பதினாலாவது பெயரில் ஒரு அம்மா எழுந்து நின்றுவிட்டார். "அது எங்க வூட்டுக்காரரு. போன ஆடியில காரியம் பண்ணிட்டோமே" என்றார். செத்தவர் பெயரில் பன்னிரண்டு நாள் கூலி. பெயரும் அப்பா பெயரும் இருந்ததால்தான் அந்தத் திருட்டு வெளியே வந்தது.

இப்போது என்ன ஆகியிருக்கிறது? இதே தரவுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றிவிட்டது. முன்பு பொதுக் காரியத்தோடோ பொது நலனோடோ சம்பந்தம் இல்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடுகிற தனிப்பட்ட தகவலை மட்டும்தான் மறுக்கலாம். சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. இப்போது எல்லாம் போய், தனிப்பட்ட தகவலா, மறுக்கலாம் என்று ஆகிவிட்டது. 2025 நவம்பரில் விதிகள் வந்தபோது இந்தத் திருத்தம் உடனே அமலுக்கு வந்தது. கம்பெனிகளின் கடமைகளுக்கோ 18 மாத அவகாசம்! எது அவசரம் என்று அரசு நினைத்தது என்பதைப் பாருங்கள்.

1994-ல் நக்கீரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லியிருக்கிறது. கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன் வரலாற்றைப் பத்திரிகை வெளியிட இருந்தது. அதில் அதிகாரிகள் பெயர் வருமென்று சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. தனிமனிதருக்குத் தன்பாட்டில் இருக்க உரிமை உண்டு, ஆனால் அரசு ஊழியர் தன் அலுவல் காரியத்துக்கு அந்தத் திரையைப் போட்டுக்கொள்ள முடியாது என்று தீர்ப்பு. ஒரு தமிழ்ப் பத்திரிகையால் நாட்டுக்குக் கிடைத்த தீர்ப்பு.

பண்பாடு என்றால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். நம் தகடூர் அதியமானுக்குப் புறப்பாட்டில் பெயர் உண்டு, ஊர் உண்டு, போரும் கொடையும் எல்லாம் வெளிச்சத்தில். அகப்பாட்டில் தலைவிக்குப் பெயர் கிடையாது. அகத்தில் ஒருவர் பெயரைச் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியமே விதி வைத்திருக்கிறது. ஊர் அவளைப் பற்றிப் பேசும் பேச்சுக்கு அலர் என்று பெயர் வைத்து, அது அவளை எப்படி வாட்டும் என்றும் பாடினார்கள். ஆள்கிறவன் பெயர் வெளியே, வாழ்கிறவள் பெயர் உள்ளே. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இந்த வரிசை தெரிந்திருந்தது. இப்போதைய சட்டத்தில் அது தலைகீழாகக் கிடக்கிறது. 17-ஆம் பிரிவில் அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு எடுத்துக்கொள்ளலாம், மஸ்டர் ரோலை மட்டும் காட்டக் கூடாதாம்.


ஓசூர்வாசி (செவ்வாய், மதியம் 2.05)

அரூர் அண்ணா, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறதே. பொது நலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்று அது சொல்கிறது. அதையும் சொல்லியிருக்க வேண்டும்.


அரூரான் (செவ்வாய், மதியம் 2.40)

இருக்கிறது தம்பி, மறைக்கவில்லை. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலர் முன்னால் நின்று பாருங்கள். முன்பு மறுப்பதற்கு அவர் காரணம் எழுத வேண்டும். இப்போது கொடுப்பதற்குத்தான் அவர் துணிய வேண்டும். எந்த எழுத்தர் துணிவார்? மேல்முறையீட்டுக்கு ஒரு வருடம் அலைந்தால் அந்த அம்மாவுக்கு என்ன பிரயோஜனம்?


பெண்ணையாற்றங்கரை (செவ்வாய், இரவு 9.15)

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். காவேரிப்பட்டணம். ஓசூர் அண்ணன் பண்பாடு என்று தொடங்கியதால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் தம்பி மாங்கூழ் ஆலையில் சீசன் வேலை. சீசன் முடிந்த மாதம் கையில் காசில்லாமல் செல்போனில் ஒரு கடன் செயலியில் ஐயாயிரம் வாங்கினான். கையில் வந்தது மூவாயிரத்துச் சொச்சம். ஏழு நாள் தவணை. எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு முதல் போன் எனக்கு. அப்புறம் அம்மாவுக்கு, மாமாவுக்கு, அவனுக்கு வாத்தியாராக இருந்தவருக்கு. பதினொன்றரைக்கு அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் அப்பாவுக்கு. திருடன் என்று எழுதி அவன் போட்டோவை எல்லோருக்கும் அனுப்பினார்கள். செயலியை இறக்கும்போது "அனுமதி" என்று ஒரு பொத்தானைத் தொட்டான், அவ்வளவுதான். போனில் இருந்த முந்நூறு பேரும் அவர்கள் கைக்குப் போய்விட்டார்கள். அன்று சாயந்திரம் அவன் கிணற்றடிப் பக்கம் போனதை அம்மா பார்த்துவிட்டுப் பின்னாலேயே ஓடினார்கள். பிழைத்தோம். சம்பந்தம் நின்றுபோனது.

நாலு பேருக்குத் தெரிந்தால் பாதுகாப்பு என்று தபால்கார ஐயா சொன்னது உண்மை. அதே நாலு பேரை வைத்துத்தான் அவனைக் கொல்லப் பார்த்தார்கள். சொந்தபந்தம் முன்னால் தலைகுனிவது நமக்குச் சாவுக்குச் சமம் என்று அந்தச் செயலிக்காரனுக்குத் தெரிந்திருந்தது. நம் பண்பாட்டை நம்மைவிட நன்றாகப் படித்தவன் அவன். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் போனில் உள்ள தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விவரத்தையும் தொடக் கூடாது என்று விதி போட்டது. எங்கள் ஊருக்கு அளவெடுத்த சட்டை என்றால் அதுதான் அண்ணா. அது தளர்வாக இல்லை, நல்ல இறுக்கம்.


தகடூர் வழக்கறிஞர் (செவ்வாய், இரவு 10.30)

தங்கை, தம்பி நலமாக இருக்கட்டும். அந்தச் செயலியின் செய்திகளை அழிக்காமல் வைத்திருந்தால் இணையக் குற்றப் பிரிவில் இப்போதும் புகார் கொடுக்கலாம், 1930 எண்ணிலும் சொல்லலாம்.

நீங்கள் சொன்னதையே நான் வேறு வழக்குகளில் பார்க்கிறேன். சிறப்புத் திருமணச் சட்டம், 1954. சாதி, மதம் தாண்டிக் கட்டிக்கொள்கிறவர்களுக்கென்று வந்தது. பெயர், முகவரியோடு 30 நாள் அறிவிப்பை ஒட்ட வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. ஆட்சேபம் இருந்தால் சொல்லலாமாம். லண்டனில் அது வெறும் நடைமுறை. 2012 நவம்பரில் ஒரு காதல் கல்யாணத்துக்காக நத்தம் காலனியில் வீடுகள் எரிந்ததைப் பார்த்த நம் மாவட்டத்தில் அந்தக் காகிதம் என்ன செய்யும்? அதனால்தான் இங்கே பிள்ளைகள் அந்தச் சட்டத்தின் பக்கமே வருவதில்லை. 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவு, சுயமரியாதைத் திருமணம். புரோகிதர் வேண்டாம், சொந்தமோ நண்பர்களோ முன்னால் மாலை மாற்றினால் போதும். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இந்தத் திருமணத்தை ஊரறியச் செய்ய வேண்டியதில்லை, உயிருக்குப் பயந்து வருகிறவர்களை அப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தீர்த்தது. தமிழ்நாட்டுச் சட்டம், தமிழ்நாட்டு வழக்கு.

தளர்வான சட்டம் போதும் என்று தம்பி சொன்னபோது எனக்கு அந்தப் பிள்ளைகள் முகம்தான் வந்தது.


புளியந்தோப்பு (புதன், காலை 5.50)

காவேரிப்பட்டணத்துப் பெண் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நான் பணம் எண்ணிக் கொடுத்தபோது பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களை நான்தான் தேர்ந்தெடுத்தேன். கிழவிக்கு வேண்டியவர்களாகப் பார்த்துத்தான் கூப்பிடுவேன். அந்தக் கிழவியிடம் "இவங்க நிக்கட்டுமா ஆயா" என்று கேட்டும்விடுவேன். அதை முந்தாநாள் சொல்ல விட்டுவிட்டேன்.


ஓசூர்வாசி (வியாழன், இரவு 9.20)

இரண்டு நாளாக எழுதவில்லை. எல்லாக் கருத்தையும் ஏற்கவில்லை. ஒரு மளிகைக் கடைக்கும் பன்னாட்டுக் கம்பெனிக்கும் ஒரே மாதிரிப் படிவம் கேட்டால் கடைக்காரர் திணறுவார் என்பதை இப்போதும் சொல்வேன். குடும்பப் போன் சிக்கலுக்கும் யாரும் விடை சொல்லவில்லை. ஆனால் தளர்வான சட்டம் போதும் என்றதை விட்டுவிடுகிறேன். எங்கே இறுக்க வேண்டும் என்பதை அடிபட்டவர்களிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்று இங்கே படித்ததில் புரிந்தது.

அதனால் இன்று நானும் கேட்டேன். மதிய இடைவேளையில் ஒரு லைனில் மட்டும், 38 பேர். பிறந்தநாள் பட்டியலை மறுபடி ஒட்டலாமா, என்னென்ன இருக்கலாம் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக. பிறந்தநாள் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கேக் வேண்டும் என்றார்கள். பெண்கள் எல்லோரும் போன் நம்பரை எடுக்கச் சொன்னார்கள். ரத்த வகை இருக்கட்டும், அவசரத்துக்கு ஆகும் என்றார்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, மூன்று வருடமாக எங்களிடம் வேலை செய்கிறாள், இதுவரை எதற்கும் குரல் உயர்த்தியதில்லை. எல்லோரும் போனபிறகு வந்தாள். "சார், பேரு, தேதி எல்லாம் இருக்கட்டும். ஊர்ப் பேரை மட்டும் எடுத்துடுங்க" என்றாள். அந்தப் பட்டியலில் அவள் ஊருக்கு நேராகக் காலனி என்று இருந்தது. மூன்று வருடமாக அது அவள் தலைக்கு மேலேயே ஒட்டியிருந்திருக்கிறது.

எல்லோருடைய ஊர்ப் பெயரையும் எடுத்துவிட்டுப் புதுப் பட்டியல் அடித்திருக்கிறேன். நாளைக்கு அடுத்த இரண்டு லைனிலும் கேட்க வேண்டும்.